பழைய சுவருக்கு என்ன பெயின்ட்? காலிக் கோட்டையிடம் கேட்போம்

நோன்பு வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே பள்ளிவாசல்களில் பெயின்ட் பேச்சு ஆரம்பித்துவிடும். எந்தக் கம்பனி, என்ன நிறம், எத்தனை வாளி, செலவை யார் பொறுப்பெடுப்பது என்றெல்லாம் கணக்குப் போடுவோம். பழைய வீடுகளில் கல்யாணம் வந்தாலும் இதே கதைதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது?

சீமெந்துக் கல்லில் எழுப்பிய சுவர் என்றால் அதைக் கேட்காமல் விட்டாலும் பெரிய நட்டம் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த நூறு இருநூறு வருடச் சுவர் என்றால் நிலைமை வேறு. அழகுபடுத்துவதாக நினைத்து நாம் அடிக்கும் பெயின்டே அந்தச் சுவரை உள்ளிருந்து அரித்துவிடும். பார்ப்பதற்கு ஹாட்வெயார் கடைக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்கான பதில் வரலாற்றுப் பாடத்தில்தான் இருக்கிறது. சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

🔹 கடலில் விளைந்த சுவர்

காலிக் கோட்டையின் பழைய வாசலில், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னத்தோடு 1669 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர், 1663 இலிருந்து இன்று நாம் காணும் பெரிய மதில்களை எழுப்பத் தொடங்கினார்கள். 1796 இல் அது பிரித்தானியரின் கைக்குப் போனது. 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்குள் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். 1904 இல் இன்றைய தோற்றத்தைப் பெற்ற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் அங்கேதான் இருக்கிறது.

இந்த மதில்களிலும் பழைய வீடுகளிலும் இருப்பவை கருங்கல், கபூக் கல், அத்தோடு கடலிலிருந்து எடுத்த முருகைக்கல். இவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. மேலே பூசியிருப்பதும் சுண்ணாம்பு. அதற்கு மேலே வெள்ளையாக அடித்ததும் சுண்ணாம்பு. கட்டிய காலத்தில் அங்கே சீமெந்து என்ற பொருளே கிடையாது.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? தென்மேற்குக் கரையில் பெரும்பாலும் அதுவும் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்ததுதான். முருகைக்கல் என்பது கல்சியங் காபனேற்று. அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே பொருள்தான். இதைச் சுவரில் பூசியதும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக உள்ளே இழுத்து மறுபடியும் கல்சியங் காபனேற்றாக மாறுகிறது. அதாவது சூளையில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, கல்லாகவே ஆகிவிடுகிறது. கல், சாந்து, பூச்சு, வெள்ளை என்று நாம் நான்கு பெயர் சொன்னாலும், முருகைக்கல் சுவரில் அவை நான்கும் ஒரே பொருள்.

இது காலிக்கு மட்டும் உரிய கதையல்ல. இந்து சமுத்திரத்தைச் சுற்றியும் செங்கடலின் கரையிலும் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்த பல துறைமுகங்கள் இப்படித்தான் எழுந்தன. கிழக்கு ஆபிரிக்காவின் கில்வாவில் இருக்கும் பெரிய பள்ளிவாசல், சன்சிபாரின் கல் நகரம், ஜித்தாவின் பழைய நகர வீடுகள், சூடானின் சுவாகின் துறைமுகம் ஆகிய எல்லாவற்றிலும் முருகைக்கல் இருக்கிறது. மாலைதீவின் தலைநகர் மாலேயில் இருக்கும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலான ஹுக்குரு மிஸ்கீ 1658 இல் கட்டி முடிக்கப்பட்டது. காலியில் ஒல்லாந்தர் மதில் வேலையைத் தொடங்குவதற்கு 5 வருடங்களுக்கு முன்பு! அங்கே முருகைக்கல்லை மரப்பலகை போல அறுத்து, ஒன்றோடொன்று கோத்து, செதுக்கு வேலைப்பாடும் செய்திருக்கிறார்கள். கடலிலிருந்து எடுத்த புதிதில் இந்தக் கல்லை இலகுவாக அறுக்கலாம். காய்ந்த பிறகு அது இறுகிவிடும்.

🔹 மண் பானையும் பழைய சுவரும்

"சுவர் மூச்சு விடும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் சுவர் விடுவது மூச்சையல்ல, ஈரத்தை. மண் பானையில் தண்ணீர் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும், அந்த ஈரம் காற்றோடு போய்விடும். பழைய சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான். இன்றைய வீடுகளின் அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு தடுப்புப் படை போடுகிறோம். பழைய கட்டிடங்களில் அது இல்லை. நிலத்திலுள்ள ஈரம் சுவருக்குள் ஏறும், மழை பக்கவாட்டில் அடிக்கும். ஆனாலும் சுவர் தடிப்பானது, பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே மழையில் குடித்ததை வெயிலில் வெளியே விட்டுவிடும்.

கரையோரச் சுவரில் இன்னொரு விடயமும் இருக்கிறது. உப்பு. கல்லே கடலிலிருந்து வந்தது, கடற்காற்றும் நாள்தோறும் உப்பைக் கொண்டுவருகிறது. சாதாரண கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் பளிங்காகும். நமது கரையோர ஊர்களில் சாரீரப்பதன் இந்த எல்லைக்கு மேலும் கீழுமாகப் போய் வருவது வழமையானது. ஆகவே சுவருக்குள் உப்பு கரைவதும் பளிங்காவதும் ஓயாமல் நடக்கிறது. பளிங்காகும்போது அது பக்கத்திலுள்ள துளைகளை நெருக்கித் தள்ளும். அந்த நெருக்குதல் எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஈரம் சுவரின் வெளிமுகம் வரை வந்து காய்ந்தால் உப்பு வெளியே பூக்கும், தும்புத்தடியால் தட்டிவிடலாம். ஈரம் பெயின்டுக்குப் பின்னால் அடைபட்டால் உப்பு உள்ளேயே பூக்கும். அப்போது உடைவது பூச்சும் கல்லும்.

🔹 வருடா வருடம் வெள்ளை அடித்தது ஏன்?

முந்திய தலைமுறையில் நோன்புக்கு முன்னரோ பெருநாளைக்கு முன்னரோ வெள்ளை அடிப்பது வழக்கம். சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள். தாழம் விழுதின் நுனியைத் தட்டி நாராக்கினால் தூரிகை தயார். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு வேலை இருக்கும்.

பழைய காலத்தில் நல்ல பெயின்ட் இல்லை, அதனால்தான் வருடா வருடம் அடித்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். அந்த மெல்லிய வெள்ளைப் படை சுவருக்காகத் தேய்ந்து போவதற்கென்றே பூசப்பட்டது. மழையும் உப்பும் முதலில் அதைத்தான் தின்னும். அடுத்த வருடம் புதுப் படை ஏறும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வெடிப்புகளுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி அவற்றை அடைத்துக்கொள்ளும். காலி போன்ற இடங்களில் சுவர்கள் நூற்றாண்டுகள் தாண்டி நின்றதற்கு, கட்டியவர்களின் கெட்டித்தனம் ஒரு காரணம். வருடா வருடம் வாளியைத் தூக்கியவர்களின் உழைப்பு இன்னொரு காரணம். இந்த இரண்டாமவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் செதுக்கி வைக்கவில்லை.

🔹 எங்கே அறுந்தது?

1824 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் அஸ்ப்டின் என்ற கொத்தனார் "போர்ட்லண்ட் சீமெந்து" என்ற பெயரில் உரிமம் பெற்றார். நமது நாட்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. சீமெந்தும் சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் வருகிறது. களியோடு சேர்த்து, இன்றைய சூளைகளில் ஏறத்தாழ 1450 பாகை வரை சுடுகிறார்கள். சொந்தக்காரர்கள்தான், ஆனால் குணம் வேறு. சீமெந்துப் பூச்சு வேகமாக இறுகும், கடினமானது, ஈரத்தை இலகுவில் விடாது. கீழே இருப்பதோ மென்மையான, அசைந்து கொடுக்கும் சுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எமல்ஷன் பெயின்ட்கள் பரவின. காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் போலச் சுவரை மூடிக்கொள்பவை அவை.

இதற்காக அந்தத் தலைமுறையைக் குற்றம் சொல்ல முடியாது. சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டாத சுவர், வருடா வருடம் அடிக்கத் தேவையில்லாத சுவர், கழுவித் துடைக்கக்கூடிய சுவர் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சீமெந்து பூசுவது முன்னேற்றத்தின் அடையாளமாகவும் இருந்தது. புதிய சுவர்களுக்கு அது சரியாகவே பொருந்தியது. பழைய சுவருக்கும் அதையே போட்டதில்தான் சிக்கல் வந்தது.

அதன் பிறகு நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு வருடம் பளபளப்பு. பிறகு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். சுரண்டினால் உள்ளே வெள்ளை மாவு கொட்டும். மேசனைக் கூப்பிட்டால் அந்த இடத்தைக் கொத்தி சீமெந்து பூசுவார். அடுத்த வருடம் சீமெந்துக்கு மேலே ஈரம் தெரியும். பிறகு நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவோம். ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, ஐந்தாவது அடியில் எட்டிப் பார்க்கும். வழியை அடைக்க அடைக்க அது மேலே போகிறது. கடைசியில், "இந்தச் சுவர் பழுதாகிவிட்டது, உடைத்துப் புதிதாகக் கட்டுவோம்" என்ற முடிவுக்கு வருகிறோம்.

🔹 அப்படியானால் பழையபடி முருகைக்கல் சுண்ணாம்பா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழையதை மதிப்பது என்றால் பழைய காலத்தில் செய்த எல்லாவற்றையும் அப்படியே செய்வது என்று அர்த்தமில்லை.

ஹிக்கடுவை, அக்குரலை பக்கம் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் பெருமளவில் தோண்டி எடுக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதைத் தடுப்பதற்காக வந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது, பெரலியவில் ஒரு ரயில் வண்டியிலும் அதைச் சுற்றியும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குச் சில கிலோமீற்றர் தள்ளி, முருகைப் பாறை காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் வேகம் குறைவாக இருந்தது. பாறை அகழப்பட்ட இடங்களில் அலை கூடுதல் பலத்தோடு உள்ளே வந்ததை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். கடலுக்குள் இருந்த அந்தப் பாறையும் ஒரு மதில்தான். ஒரு மதிலைக் காப்பாற்ற இன்னொரு மதிலை உடைக்க முடியாது.

நல்ல வேளையாக, சுண்ணாம்பு என்றால் முருகைக்கல்தான் என்றில்லை. நமது நாட்டின் உள்பகுதிகளில் டொலமைட்டும், வடக்கிலும் புத்தளத்துப் பக்கமும் சுண்ணாம்புக் கல்லும் இருக்கின்றன. கேட்டு வாங்கும்போது, "இது எங்கே சுட்டது, எந்தக் கல்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

🔹 இனி, என்ன அடிப்பது?

முதலாவது, சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சட்டையில் ஒட்டுகிறது என்ற குறை, தடிப்பாக அடிப்பதாலும் காய்ந்த சுவரில் அடிப்பதாலும்தான் பெரும்பாலும் வருகிறது. சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்து, பால் பதத்தில் மெல்லியதாக அடித்து, ஒரு நாள் விட்டு அடுத்த படை அடிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் சுவருக்கு 4, 5 படைகள் தேவைப்படும். அடிக்கும்போது தண்ணீர் போலத் தெரிந்தாலும் காயக் காய வெளுக்கும். நிறம் வேண்டுமானால் காவி மண், மஞ்சள் மண் போன்ற கனிமச் சாயங்களையே சேர்க்க வேண்டும், மற்றவற்றைச் சுண்ணாம்பு வெளிறச் செய்துவிடும். கொட்டும் மழையிலும் உச்சி வெயிலிலும் இந்த வேலை வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி போடாமல் அடிக்கக் கூடாது. நீற்றும் இடத்தில் பிள்ளைகளை விடவும் கூடாது.

இரண்டாவது, சிலிக்கேற்று பெயின்ட். 1878 இல் ஜேர்மனியைச் சேர்ந்த அடொல்ஃப் வில்ஹெல்ம் கைம் உரிமம் பெற்ற முறை இது. பொட்டாசியம் சிலிக்கேற்றுக் கரைசல் சுவரின் கனிமங்களோடு வேதியியல் ரீதியாகப் பிணைந்துகொள்ளும். தோலாக மூடாது, ஈரத்தை விடும், நீண்ட காலம் நிற்கும். ஆனால் பழைய எமல்ஷனுக்கு மேலே பிடிக்காது. ஒரு முறை பிணைந்தால் கழற்றவும் முடியாது. ஆகவே மரபுரிமைக் கட்டிடங்களில் நன்கு யோசித்தே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, டின்னில் "சுவாசிக்கும்" என்று எழுதி வரும் பெயின்ட்கள். இங்கே விளம்பரத்தை நம்பாமல் ஓர் எண்ணைக் கேளுங்கள். அதன் பெயர் எஸ்.டி. மதிப்பு. பெயின்ட் படை, நீராவியை எத்தனை மீற்றர் தடிப்புள்ள காற்றுக்குச் சமமாகத் தடுக்கிறது என்பதை அது சொல்லும். ஐரோப்பியத் தரத்தில் 0.14 மீற்றருக்குக் குறைவாக இருந்தால் ஈரத்தை நன்றாக விடும் வகை. 1.4 மீற்றருக்கு மேலே போனால் அடைத்துப் பிடிக்கும் வகை. சுண்ணாம்பு வெள்ளை 0.14 க்கும் எவ்வளவோ கீழே நிற்கும். "மழை நீர் உள்ளே போகாது" என்பதும் "ஈரம் வெளியே வரும்" என்பதும் ஒன்றல்ல. கடையில் முதலாவதைச் சொல்லி விற்பார்கள். நமக்குத் தேவை இரண்டாவது.

எந்தப் பெயின்ட் வாங்கினாலும், கீழே ஐந்து படை பழைய எமல்ஷன் இருந்தால் பயனில்லை. மண் பானைக்கு மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, அதற்கு மேலே இன்னொரு மண் பானையைக் கவிழ்ப்பது போலத்தான்.

🔹 டின்னைத் திறப்பதற்கு முன்

1. சுவரில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் வழி திறந்திருக்கிறது. முத்துப் போல வழிந்தோடினால் மேலே பிளாஸ்டிக் தோல் இருக்கிறது.

2. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஓட்டை விழுந்த பீலி, உடைந்த ஓடு, சுவரோரம் உயர்த்திப் போட்ட கொங்கிரீட் நடைபாதை, கசியும் ஹவுழ். இவற்றைத் திருத்தாமல் எந்தப் பெயின்டும் நிற்காது.

3. பழைய பெயின்டைக் கையால், பொறுமையாகச் சுரண்டுங்கள். தண்ணீர்ப் பீச்சியோ மணல் பீச்சியோ வேண்டாம். மிகப் பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், முகக்கவசம் போடுங்கள்.

4. சீமெந்துப் பூச்சு ஏற்கனவே இருந்தால் ஒரு மூலையில் மட்டும் கழற்றிப் பாருங்கள். இலகுவாக வந்தால் அகற்றிச் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். கல்லையும் பெயர்த்துக்கொண்டு வந்தால் நிறுத்திவிட்டு, விடயம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

5. முழுச் சுவருக்கும் ஒரேயடியாக அடிக்காமல் ஒரு சதுர மீற்றரில் அடித்து, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்.

6. பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்றால் கை வைக்க முன் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நம்பிக்கையாளர் சபைகளில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசல் சுவர் வக்பு சொத்து, நம் கையில் தரப்பட்ட அமானிதம். பெயின்டுக்குக் காசு தருபவர் நல்ல நிய்யத்தோடுதான் தருகிறார். அவரிடம், "ஹாஜியார், இந்த முறை பெயின்டுக்குப் பதிலாகப் பீலியைத் திருத்துவோம், சுண்ணாம்பு அடிப்போம்" என்று எடுத்துச் சொன்னால் ஒருபோதும் மறுக்கமாட்டார். நன்மை பளபளப்பைப் பொறுத்தா எழுதப்படுகிறது? வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் குறையாகப் பார்க்க வேண்டாம். ஊர்ப் பொடியன்கள் வருடத்தில் ஒரு நாள் சேர்ந்து, அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கட்டும். தொட்டுப் பழகிய சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது.

உங்கள் ஊரில் மிகப் பழைய சுவர் எது? பள்ளிவாசலா, வீடா, பாடசாலையா? எந்தக் கல்லால் கட்டினார்கள், சுண்ணாம்பு எங்கே சுட்டார்கள், வெள்ளை அடித்தது யார் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.